வாசற்படியில் நிற்கும் நட்பு

வெள்ளைக்காரர்களுக்கு நட்பு என்றால் என்னவென்று தெரியாது. திருவண்ணாமலையில் ஏறக்குறைய எல்லாரும் ஒப்புக்கொண்ட கருத்து இது. செங்கம் சாலையில் ஆட்டோ ஓட்டுகிறவர் சொல்வார், ரமண நகரில் மாடி வீட்டை வாடகைக்கு விடுகிறவர் சொல்வார், பட்டிமன்ற மேடையில் பேச்சாளர் கைதட்டலுக்காகச் சொல்வார். "அவங்களுக்குப் பாக்குறவன் எல்லாம் ஃப்ரெண்டு. பஸ்ல பக்கத்துல உக்காந்தவன் ஃப்ரெண்டு, ஒரு காபி சேர்ந்து குடிச்சவன் ஃப்ரெண்டு. விசா முடிஞ்சு ஏர்போர்ட் போனா அத்தோட மறந்துடுவாங்க. நம்ம ஊர்ல நட்புன்னா உயிரையே கொடுப்பான்." சொல்லி முடிக்கும்போது சொல்பவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். கேட்பவரும் ஆமாம் என்று தலையாட்டுவார்.

அந்தத் தலையாட்டலை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஆங்கிலம் பேசுகிறவர்கள் 'ஃப்ரெண்ட்' என்று தாராளமாகச் சொல்கிறார்கள் என்பது உண்மைதான். அதை வைத்து அவர்களுடைய நட்பே மலிவு என்று முடிவு கட்டுகிறோம். அந்தச் சூட்டோடு நம்முடைய நட்பு ஆழமானது என்றும் தீர்ப்பு எழுதிக்கொள்கிறோம். முதல் முடிவு தவறு என்பதற்கு இந்த ஊரின் வரலாறே சாட்சி. இரண்டாவது தவறு என்பதற்கு இந்த மாவட்டத்தில் நம் கண் முன்னால் நடப்பவை சாட்சி. இரண்டாவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆனால் முதலாவதைத் தீர்த்துவிட்டுத்தான் அதற்கு வர முடியும்.

1911ஆம் ஆண்டு. ஃபிராங்க் ஹம்ப்ரீஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் காவல்துறை அதிகாரியாக வேலூருக்கு வருகிறார். அவருக்கு மொழி சொல்லிக்கொடுக்க அமர்த்தப்பட்ட முன்ஷி நரசிம்மய்யா. ஆளும் இனத்து அதிகாரிக்கும் சம்பளத்துக்கு வந்த முன்ஷிக்கும் இடையே பாடத்தைத் தாண்டிப் பேச்சு இருக்க வேண்டிய அவசியமே அந்தக் காலத்தில் இல்லை. இவர்களோ மகான்களைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பேச்சு ஹம்ப்ரீஸைத் திருவண்ணாமலை மலைமேல் விருபாட்ச குகை வரை கொண்டுவந்தது. கூட வந்தவர்கள் நரசிம்மய்யாவும் காவ்யகண்ட கணபதி முனியும். குகையில் ரமணரைச் சந்தித்ததை ஹம்ப்ரீஸ் லண்டனில் இருந்த தன் தோழி ஃபெலிசியா ஸ்கேச்சர்டுக்குக் கடிதங்களாக எழுதினார். அந்த அம்மையார் அவற்றை 'இன்டர்நேஷனல் சைக்கிக் கெஜட்' என்ற இதழில் அச்சேற்றினார். ரமணரைப் பற்றி மேலைநாட்டில் வெளிவந்த முதல் எழுத்து அதுதான். மேலோட்டமானது என்று நாம் சொல்கிற அந்த நட்புதான் இந்த மலையின் செய்தியைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது.

அதன் பிறகும் வழி அப்படியேதான் அமைந்தது. பால் பிரண்டனைக் காஞ்சிப் பெரியவரிடம் அழைத்துப்போனவர் எழுத்தாளர் கா.சி. வேங்கடரமணி. அங்கிருந்து பிரண்டன் திருவண்ணாமலைக்கு வந்தார். 1934இல் அவர் புத்தகம் வெளியானது. அதைப் படித்துவிட்டு 1935 நவம்பரில் மேஜர் சாட்விக் வந்தார். ஆர்தர் ஆஸ்போர்னுக்கு ரமணரின் நூல்கள் கிடைத்ததும் நண்பர்கள் மூலமாகத்தான். யாராவது ஒருவர் இன்னொருவருக்கு எழுதியிருக்கிறார், புத்தகம் அனுப்பியிருக்கிறார், கூடவே வந்திருக்கிறார்.

ஆஸ்போர்ன் குடும்பத்தின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1941இல் அவர் மனைவி லூசியாவும் மூன்று சிறு குழந்தைகளும் திருவண்ணாமலையில் தங்கினார்கள். லூசியா போலந்து நாட்டவர். ஆஸ்போர்ன் வேலைக்காக பாங்காக் திரும்பினார். அந்த டிசம்பரில் ஜப்பானியப் படை சயாமுக்குள் நுழைந்தது. அவரைப் பிடித்துத் தடுப்பு முகாமில் வைத்தார்கள். போர் முடியும்வரை அவர் வெளியே வரவில்லை. சொந்த நாடு போரில் சிதைந்துகொண்டிருக்க, கணவன் எந்த நிலையில் இருக்கிறான் என்று தெரியாத ஒரு பெண், மூன்று பிள்ளைகளோடு இந்த ஊரில் அத்தனை ஆண்டுகளைக் கழித்தார். பிள்ளைகள் ஆசிரமத்தில் ஓடி விளையாடித் தமிழ் பேசி வளர்ந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் பின்னாளில், 1981இல், கையில் தூக்கிப்போகும் கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்து உலகப்புகழ் பெற்ற ஆடம் ஆஸ்போர்ன். நோய் முற்றிய கடைசிக் காலத்தில் அவர் வந்து சேர்ந்ததும் தமிழ்நாட்டுக்குத்தான். 2003இல் கொடைக்கானலில் இறந்தார். தந்தை ஆர்தர் 1964இல் தொடங்கிய 'மவுண்டன் பாத்' இதழ் ஆசிரமத்திலிருந்து இன்றும் வெளிவருகிறது.

சாட்விக் 1962இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அவர் சமாதி ரமணாசிரம வளாகத்தில் இருக்கிறது. ஈராக்கில் பிறந்து, ஆங்கிலத்தில் எழுதிய எஸ்.எஸ். கோஹனின் சமாதியும் அங்கேதான். விமானம் ஏறினால் மறந்துவிடுவார்கள் என்று பேசுகிறவர்கள், ஆசிரமத்துக்குப் போகும்போது அந்தச் சமாதிகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

"அவங்க வந்தது குருவுக்காக. அதுல நட்பு எங்க வந்துச்சு?" என்று ஒரு கேள்வி வரும். குருவுக்காகத்தான் வந்தார்கள். ஆனால் குருவிடம் போக வழி சொன்னது யார்? அவர் மறைந்த பிறகும் அவர்களை இங்கே இருத்தியது எது? 1950 ஏப்ரல் 14க்குப் பிறகு எத்தனையோ பேர் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சாட்விக் போகவில்லை. கோஹன் இங்கேயே முடிந்தார். ஆஸ்போர்ன் தம்பதி திரும்பி வந்து குடியிருந்தார்கள். இன்றைக்கும் ரமண நகர்ப் பக்கம் காலை நேரத்தில் நடந்து பாருங்கள். நடக்க முடியாத வயதான வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு, அவரைப் போலவே தலை நரைத்த இன்னொருவர் தூக்குப்பாத்திரத்தில் கஞ்சி கொண்டுபோவார். ஒரே நாட்டுக்காரர்களாகக்கூட இருக்க மாட்டார்கள். ரத்த உறவு கிடையாது, சாதி கிடையாது, சொத்துப் பங்கு கிடையாது. இதற்கு நட்பு என்று பெயர் வைக்காமல் வேறென்ன பெயர் வைப்பது?

'மை ஃப்ரெண்ட்' என்று வாய் ஓயாமல் சொன்ன ஒருவர் இந்த ஊரிலேயே வாழ்ந்தார். விசிறிச் சாமியார் என்று ஊர் அழைத்த யோகி ராம்சுரத்குமார். கங்கைக் கரையில் பிறந்தவர். 1959 முதல் திருவண்ணாமலையில் இருந்தார். புன்னை மரத்தடியிலும் தேரடிப் பக்கத்துக் கடைத் திண்ணைகளிலும் படுத்துக் கிடந்தார். தமிழ் அவருக்கு வராது, வந்தவர்களோடு ஆங்கிலத்தில்தான் பேசினார். வடநாட்டான், இந்திக்காரன் என்று சொல்லித் தொல்லை கொடுத்தவர்களும் இதே ஊரில் உண்டு. அவர் வாயிலிருந்து வந்த அந்த அழைப்பை மலிவு என்று அவரிடம் போய்வந்த யாராவது சொல்லியிருக்கிறார்களா? முன்பின் தெரியாத ஒருவரைத் தமிழில் கூப்பிட நமக்கு முதலில் அவர் வயது தெரிய வேண்டும், தோரணை தெரிய வேண்டும், பெரியவரா சின்னவரா என்று எடைபோட வேண்டும். அதற்குப் பிறகுதான் அண்ணன், ஐயா, தம்பி, சார். எடை போடாமலே ஒருவரைச் சமமாக எடுத்துக்கொள்ளும் வசதி அந்த ஆங்கில அழைப்பில் இருக்கிறது. அது நட்பின் முழு உருவம் இல்லைதான். ஆனால் நல்ல தொடக்கம்.

எதிர்ப்பக்கத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை கஃபேக்களில் கட்டிப்பிடித்துக்கொள்ளும் பலர் ஏப்ரல் வெயிலில் காணாமல் போவார்கள். வீட்டு வேலை செய்த அம்மாவை 'என் தோழி' என்று படம் எடுத்துப் போட்டுவிட்டு, சம்பள பாக்கி வைத்துப் போனவர்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்களுக்கும் நம்மைப் பற்றி ஒரு தவறான கணக்கு இருக்கிறது: இங்கே யாரோடு பழகினாலும் கடைசியில் பணம் கேட்பார்கள், ஆகவே இது நட்பே இல்லை என்பது. நமக்குள் கைமாற்று வாங்காத நட்பு எது? மகள் கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு, பையன் காலேஜ் ஃபீஸுக்கு, வட்டியில்லாமல், பத்திரமில்லாமல் கொடுப்பதும் வாங்குவதும் இங்கே நட்பின் அன்றாடப் புழக்கம். நட்புக்கு ஐந்து அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர், அதில் 'பழைமை' என்ற ஓர் அதிகாரம் முழுவதையும் பழகிய நண்பர் எடுத்துக்கொள்ளும் உரிமைக்காகவே எழுதினார். பணம் வந்ததும் நட்பு போய்விட்டது என்று நினைப்பவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளவில்லை. சொல் மலிந்ததும் நட்பு போய்விட்டது என்று நினைக்கும் நாமும் அவர்களைப் புரிந்துகொள்ளவில்லை.

இனி நம் கதைக்கு வருவோம்.

உயிரைக் கொடுப்பான் என்கிறோம். இந்த நம்பிக்கையை நமக்கு ஊட்டியதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. துரியோதனனுக்காகச் செத்த கர்ணனை 1964இல் திரையில் பார்த்து அழுதோம். அதே கதையை 1991இல் 'தளபதி'யாக மறுபடி பார்த்தோம். 2009இல் 'நாடோடிகள்' வந்தது. நண்பனின் நண்பன் காதலுக்காக ஒருவன் காலை இழக்கிறான், ஒருவனுக்குக் காது போகிறது. அரங்கத்தில் விசில் பறந்தது. எனக்கும் இந்தப் படங்களைப் பிடிக்கும். ஆனால் இவை நம் கையில் ஒரு தப்பான அளவுகோலைக் கொடுத்துவிட்டன. உயிர், கால், கை, ரத்தம் என்று அளந்தால் அன்றாட வாழ்க்கையில் யாருக்கும் அந்தச் சோதனை வரப்போவதில்லை. சோதனையே வராத இடத்தில் எல்லாரும் தேறிவிடலாம். வாழ்நாளில் ஒரு தடவைகூட நண்பனுக்காக உயிர் கொடுக்க வேண்டி வராத ஒருவன், வேண்டுமானால் கொடுப்பேன் என்று நெஞ்சில் தட்டிச் சொல்லிக்கொண்டே காலத்தைக் கழித்துவிடலாம்.

தினமும் வருகிற சோதனை வேறு. நண்பன் வீட்டுக்கு வருகிறான், எதுவரை வருகிறான்? திண்ணைவரையா, கூடம்வரையா, சமையற்கட்டுவரையா? அவன் குடித்த தம்ளர் எங்கே போகிறது? அவன் வீட்டுச் சாவுக்கு நீ போகிறாயா? அவன் தெருவுக்குள் நுழைகிறாயா? அவன் உன் தெருவுக்குள் பைக்கில் வர முடிகிறதா?

2023 ஜூலையில் திருவண்ணாமலை மாவட்டம் செல்லங்குப்பத்தில் இரண்டு இளைஞர்களுக்குள் சண்டை. ஒருவர் பட்டியலினத்தைச் சேர்ந்தவர். மற்றவர் ஊரின் ஆதிக்கச் சாதி. இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், இருவரும் வேலைக்காகச் சென்னைக்குப் போனவர்கள் என்று அப்போது செய்தித்தாள்கள் எழுதின. ஊர் மாரியம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் போகலாமா என்பதுதான் தகராறு. சமூக ஊடகத்தில் தொடங்கிய வாக்குவாதம், ஊருக்கு வந்தபோது கைகலப்பானது. பிறகு புகார், அதிகாரிகள், விசாரணை. ஆகஸ்ட் 2ஆம் தேதி, போலீஸ் பாதுகாப்போடு, அதுவரை வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்கள் கோயிலுக்குள் போய் வழிபட்டார்கள். அதே ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி இதே மாவட்டத்துத் தென்முடியனூரிலும் இப்படித்தான், ஆட்சியரும் காவல்துறையும் முன்நிற்க, முத்துமாரியம்மன் கோயில் நுழைவு நடந்தது.

செல்லங்குப்பத்துச் செய்தியில் எனக்கு நெஞ்சில் தைத்தது அந்த ஒரே பள்ளி. இவர்கள் இருவரும் நெருங்கிய நண்பர்களாக இருந்தார்களா, எனக்குத் தெரியாது. ஆனால் நட்புக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது. ஒரே வயது, ஒரே ஊர், ஒரே பள்ளி, பிழைப்புக்குப் போன ஒரே நகரம். இவற்றில் பாதி அமைந்தாலே உலகத்தில் வேறெங்கும் இரண்டு பேர் ஆயுளுக்கும் கூட்டாளிகளாகிவிடுவார்கள். இங்கே அது கோயில் வாசலில் வந்து முட்டி உடைந்தது. கோயில் திறந்து நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 6, முதல் ஞாயிறு, நண்பர்கள் தினம். அன்று மாவட்டம் முழுக்க எத்தனை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் உயிர் நண்பன் என்று போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இது கிராமத்துச் சமாச்சாரம், படித்தவர்களிடம் கிடையாது என்று ஒதுக்கிவிட முடியாது. ரமணாசிரம உணவுக்கூடத்திலேயே அந்தக் காலத்தில் ஆசாரம் பார்த்த பிராமணர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாட்விக்குக்கும் மற்ற வெளிநாட்டவருக்கும் இடம் அந்த மறுபக்கத்தில்தான். ரமணர் இரண்டு பக்கத்தாருக்கும் தெரியும்படி நடுவில் உட்கார்ந்தார். தன்னளவில் அவர் யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரிவு கேட்டு வாங்கியவர்கள் அவரைத் தேடி வந்த நம்மவர்கள். ஞானியின் எதிரிலேயே பந்தியைப் பிரித்து உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நட்பு பற்றி அடுத்தவருக்குப் பாடம் எடுக்கும் தகுதி நமக்கு எங்கிருந்து வந்தது?

பெண்களுடைய நட்பைப் பற்றிப் பேசினால் நம் நிலைமை இன்னும் மோசம். பௌர்ணமி இரவு கிரிவலப் பாதையில் போய்ப் பாருங்கள். பதினான்கு கிலோமீட்டரும் ஆண்கள் நண்பர்களோடு நடப்பார்கள். தோளில் கை போட்டுக்கொண்டு, சுக்குக் காபி குடித்துக்கொண்டு, பழைய வாத்தியாரை நினைத்துச் சிரித்துக்கொண்டு. பெண்கள் கணவனோடு வருவார்கள், மாமியாரோடு வருவார்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாத்தனாரோடு வருவார்கள். பன்னிரண்டு வருஷம் ஒன்றாகப் படித்த தோழியோடு மட்டும் வருகிற நாற்பது வயதுப் பெண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஊரில் பிளஸ் டூ வரை ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட இருவரில் ஒருத்தி போளூருக்கும் இன்னொருத்தி செய்யாறுக்கும் வாழ்க்கைப்பட்டுப் போனால், அடுத்து அவர்கள் பார்த்துக்கொள்வது மூன்றாமவள் வீட்டுக் கல்யாணத்தில். போன் எண் இருக்கும். பேச நேரம் இருக்காது, பேசினால் யார் கூட இவ்வளவு நேரம் என்று கேள்வி இருக்கும். உயிரைக் கொடுப்போம் என்று சொல்கிற நாட்டில், மக்கள்தொகையில் பாதிப் பேருக்கு நட்பு தாலி ஏறும்வரைதான். அதே பாதையில் அறுபது வயது வெளிநாட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, பேசிக்கொண்டும் பேசாமலும், விடிய விடிய நடக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, இவர்களுக்கு நட்பு தெரியாது என்று சொல்கிறவர், தன் அம்மாவுக்குப் பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி இருந்தாள் என்பதாவது அறிந்தவரா?

நம் மரபில் நல்ல நட்பே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இருக்கிறது, உலகத்தின் எந்த மரபுக்கும் குறையாதது இருக்கிறது. அதில் எதை எடுத்து வைத்துக்கொண்டோம், எதை விட்டுவிட்டோம் என்பதுதான் என் கேள்வி. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே நண்பர்கள். சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். பாண்டிய நாட்டிலிருந்து வந்த புலவரும் கூடவே உயிர்விட்டார். புறநானூற்றில் இருக்கும் இந்தக் கதையை மேடையில் சொல்பவர்கள் சாவில் போய் முடிக்கிறார்கள். அதற்கு முன்னால் நடந்ததை விட்டுவிடுகிறார்கள். பார்த்தே இராத நண்பர் கட்டாயம் வருவார் என்று சொல்லி, தன் பக்கத்தில் அவருக்கு ஓர் இடம் வைக்கச் சொன்னான் அரசன். நட்பு நிரூபணமானது அந்த இடத்தில். சாவு அதற்குப் பிறகு வந்தது.

பெரியபுராணத்தில் இதைவிடத் தெளிவாக ஒரு சம்பவம் இருக்கிறது. சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் அவர் பாடல்களை யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். பாணர் குலம், அந்தக் காலக் கணக்கில் கீழே வைக்கப்பட்ட குலம். சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்ற அந்தணர் வீட்டில் இரவு தங்குகிறார்கள். யாழ்ப்பாணருக்கும் அவர் மனைவி மதங்கசூளாமணிக்கும் இடம் கொடுங்கள் என்கிறார் சம்பந்தர். நீலநக்கர் வீட்டின் நடுவே, வேள்விக்குண்டத்துக்குப் பக்கத்தில் இடம் தந்தார். தீ அணையவில்லை, வலம் சுழித்து இன்னும் நன்றாக எரிந்தது என்று சேக்கிழார் எழுதுகிறார். வருகிறவர் வீட்டுக்குள் எதுவரை வருகிறார் என்ற கேள்வியை நம் முன்னோர் இப்படித் தீர்த்துக் காட்டினார்கள். அறுபத்துமூவர் வரிசையில் சம்பந்தர், யாழ்ப்பாணர், நீலநக்கர் மூவரும் இருக்கிறார்கள். அண்ணாமலையார் கோயிலில் அவர்களைக் கும்பிட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறோம். வெளியே வந்ததும் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

ஆங்கிலம் பேசுகிறவர்கள் எளிதில் நண்பன் என்கிறார்கள். அப்படிச் சொன்ன பலர் எளிதில் மறக்கவும் செய்கிறார்கள். ஆனால் வாசலைத் திறக்கும்போது அவர்கள் சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை. தங்கியவர்கள் முழுதாகத் தங்கினார்கள். நாமோ யார் என்று விசாரித்து, சாதியால் சலித்து, ஆண்களுக்குள் அடைத்து, மிஞ்சியதற்கு உயிர் நட்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். சலித்து எடுத்ததால் ஆழமாகிவிடாது, குறுகித்தான் போகும்.

கார்த்திகை தீபம் வரப்போகிறது. அன்றைக்கு இந்த ஊரில் வெளியூர் உறவினர் வந்து தங்காத வீடு குறைவு. இந்த வருஷம் உங்களோடு பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இன்றுவரை உங்கள் வீட்டுத் திண்ணையைத் தாண்டாத ஒருவர் இருந்தால் அவரைக் குடும்பத்தோடு கூப்பிடுங்கள். உள்ளே, உங்கள் வீட்டார் சாப்பிடும் இடத்திலேயே அவர்களுக்கும் இலை போடுங்கள். பிறகு உங்கள் அம்மாவிடம், அவர் கல்யாணத்தோடு தொடர்பு விட்டுப்போன தோழியின் பெயரையும் ஊரையும் கேட்டு வாங்கிக்கொண்டு, தேடிக் கண்டுபிடித்து அவரையும் வரவழையுங்கள்.